ரெகுலர் கஸ்டமர் செருப்பு

"அசையாதீங்க டீச்சர், சிரிக்காதீங்க. மூஞ்சில போட்ட பேக் காயற வரைக்கும் வாயைத் தொறக்கவே கூடாது, வெடிச்சிடும். நீங்க கேளுங்க, போதும். எங்க விட்டேன்? ஆங்... பேங்க் மேடம் செருப்பு! புத்தம் புதுசு டீச்சர். வாசல்ல கழட்டிட்டு உள்ள வந்தாங்க, புருவம் எடுத்துட்டு வெளிய போனா ஒத்தச் செருப்பு நிக்குது. இன்னொண்ணு எங்க? பக்கத்து வீட்டு வாசல்ல. அந்த நாய் முன்னங்கால் ரெண்டாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, ரசிச்சு ரசிச்சு... அய்யோ, என்னன்னு சொல்வேன்! பாவம் அந்தம்மா, என் பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனாங்க."

பார்லர் அக்கா டீச்சரின் கண்கள்மேல் வைத்திருந்த வெள்ளரிக்காய் வட்டங்களைச் சுண்டு விரலால் நேராக்கினாள். அவள் வீட்டு முன்னறைதான் பார்லர். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கண்ணாடி, துணி மாற்றுவதற்கு மூலையில் ஒரு திரை. காற்றுக்காகக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தாள்.

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்வாங்க. இது குரைக்கவும் குரைக்காது, கடிக்கவும் கடிக்காது. கடிச்சிருந்தாலாவது ஒரு ஊசியப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி நியாயம் கேக்கலாம். வரும், மோந்து பாக்கும், கவ்வும், போயிடும். ஏதோ ஆர்டர் குடுத்து வெச்ச மாதிரி!

நாய் வளக்கற பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். ரிட்டயர் ஆனவரு, தனிக்கட்டை. 'அண்ணே, நாயக் கட்டிப் போடுங்க'ன்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'ஒரு விசில் அடிச்சா நின்னுடும்மா, ரெண்டு விசில் அடிச்சாதான் நகரும்'னாரு. நல்லாருக்கே! நான் ஐப்ரோ எடுக்கறதா, விசில் அடிக்கறதா? நாய்க்குப் பேரு டிக்கெட்டாம். அவர் கடைசி நாள் டூட்டியில, கடைசி ட்ரிப்புல, எங்கயோ ஒரு ஸ்டாப்புல ஏறுச்சாம். டிக்கெட்டும் எடுக்கல, எறங்கவும் இல்லயாம். 'சர்வீஸ் பூரா டிக்கெட் எடுக்காதவங்கள எறக்கி விட்டுட்டேன், இதை மட்டும் முடியல'ன்னு சிரிக்கறாரு. எனக்கு சிரிப்பு வரல.

சரி, சும்மா சொல்லக் கூடாது, கட்டிப் போட்டாரு. கயித்தக் கடிச்சுட்டு வந்துச்சு. வாசல் கேட்ட மூடினாரு. செவுரு ஏறிக் குதிச்சுது. இத்தனைக்கும் வயசான நாய் டீச்சர், நடக்கறப்போ பின்னங்கால் ஒண்ணு இழுக்கும். செருப்புன்னா மட்டும் எங்கிருந்துதான் அந்த வேகமோ! பேங்க் மேடம் செருப்பை அவரே பெரிய ஊசி வெச்சுத் தச்சு, தொடச்சு, பேப்பர்ல சுத்தி இங்க கொண்டு வந்து வெச்சாரு. தையல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாய் நக்கின செருப்ப யாரு போடுவா, சொல்லுங்க. வேணாம், தலைய ஆட்டாதீங்க.

அப்பறம்தான் ஹவுஸ் ஓனர்கிட்ட போனேன். ரெண்டு வீட்டுக்கும் அவர்தானே ஓனர். அவர் எப்படிப்பட்ட ஆளுன்னா, புள்ளையையும் கிள்ளி விட்டுட்டு தொட்டிலையும் ஆட்டுவாரு. கண்டக்டர் குடி வந்தப்போ, 'நாய் இருந்தா வீட்டுக்குக் காவல்'னாரு. இப்ப நான் சொன்னதும், 'நாய் போகணும், இல்ல அவர் போகணும்'னு குதிக்கறாரு. ஊருக்கு வெளிய யாரோ கோழிப்பண்ணை வெச்சிருக்காங்களாம், அங்க கட்டிப் போடறதா ஏற்பாடு. இன்னிக்கு சாயங்காலம் வண்டி வருது. 'பார்லரம்மா, கடைசியா உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, ஏத்திடறேன்'னு சொல்லியிருக்காரு. கண்டக்டர் என்னடான்னா, 'அது போனா நானும் கெளம்பறேன்'ங்கறாரு. எங்க கெளம்புவாரு? அவருக்கு யாரு இருக்கா? காலையில பாக்கறேன், நாய் திங்கற தட்ட உக்காந்து தேய்ச்சுக்கிட்டிருக்காரு. தேய்ச்சதயே தேய்க்கறாரு... எனக்கென்ன, நானா நாய் வளக்கச் சொன்னேன்? என் பொழப்பு போகுதே, அதை யாரு கேப்பா?

இதுல இன்னொரு கொடுமை இருக்கு, கேளுங்க. புதுசா வர்றவங்க செருப்ப அது மோந்து பாத்துட்டு விட்டுடுது. எல்லாம் ரெகுலர் கஸ்டமர் செருப்புதான்! பேங்க் மேடம், மருந்துக்கடைக்காரர் சம்சாரம், மாடி வீட்டு மருமக... பொறுக்கிப் பொறுக்கி எடுக்குது. எந்த நாய்க்காவது இப்படி ஒரு கணக்கு இருக்குமா? யாரோ பழக்கி விட்டிருக்காங்கன்னுதான் என் சந்தேகம். தெருமுனையில புதுசா ஒரு பார்லர் தொறந்திருக்காளே, அவமேலயும் எனக்கு ஒரு கண்ணு.

என்ன கைய ஆட்டறீங்க? கால்ல இப்ப தடவினேனே, அந்த க்ரீமா? நல்லாருக்கா? இருக்கும், இருக்கும். அது நானே செஞ்சது. மூணாவது தடவ வர்றவங்களுக்குத்தான் போடுவேன். இன்னிக்கு நீங்களும் ரெகுலர் ஆயிட்டீங்க! வீட்டுக்கும் ஒரு டப்பா தரேன், தெனம் போட்டுக்கிட்டு செருப்ப மாட்டுங்க, வெடிப்பு இருந்த எடம் தெரியாது. என்ன போட்டிருக்கேன்னு பேங்க் மேடம் எவ்வளவோ கேட்டாங்க, சொல்லலயே! உங்களுக்குன்னா சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க." அவள் டீச்சரின் காதருகே குனிந்தாள். "ஆட்டுக் கொழுப்பு. கறிக்கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சு, சுத்தமா வாங்கி, உருக்கி, வடிகட்டி, மேல ரோஸ் எசன்ஸ் நாலு சொட்டு. மூஞ்சிய சுளிக்காதீங்க, பேக் வெடிக்கும்! காலுக்குத்தானே போடறோம், வாய்க்கா?"

கைகளில் க்ரீம் பிசுபிசுக்க, அவள் திரும்பி அலமாரியில் பஞ்சைத் தேடினாள். பின்னால் டீச்சர் நாற்காலியில் நெளிவது கேட்டது.

"கூசுதா டீச்சர்? கூசத்தான் செய்யும், பாதம்னா அப்படித்தான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க... அடடா, இப்படித் துள்ளினா எப்படி? நான்தான் இப்ப உங்க காலைத் தொடவே இல்லயே. நான் இங்கல்ல நிக்கறேன்."

திரும்பிப் பார்த்தாள்.

முக்காலியின்மேல் டீச்சரின் பாதங்கள். அவற்றின் அருகே, கழுத்தில் கடித்த கயிற்றின் மிச்சம் தொங்க, டிக்கெட் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குதிகாலை நக்கியது. ஒரு குதிகால் முடிந்து மற்றதற்குப் போனது.

காலையிலிருந்து ஓயாத வாய் முதன்முறையாக நின்றது. டீச்சருக்கே அது வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும், கழுத்தை லேசாகத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, படுங்க!" அக்கா ஓடி வந்து வெள்ளரிக்காயை அழுத்தினாள். "மசாஜ்தான். புது டெக்னிக். ஈரமாத்தான் இருக்கும்... பேங்க் மேடம்... மருந்துக்கடைக்காரர் சம்சாரம்... அட ராமா. எல்லார் கால்லயும் நான்தான்... ஒண்ணும் சொல்லல டீச்சர், நீங்க தூங்குங்க."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கேட்டைத் தட்டும் சத்தம். அவள் கயிற்று மிச்சத்தைப் பிடித்து நாயைத் தரதரவென்று இழுத்துத் திரைக்குப் பின்னால் தள்ளினாள். அறைக் கதவை முழுவதும் திறந்து, திரையை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள். வாசலில் ஹவுஸ் ஓனர். அவருக்குப் பின்னால், கையில் அறுந்த கயிறும் மினுமினுக்கும் தட்டுமாகக் கண்டக்டர்.

"வாங்க சார், அங்கயே நில்லுங்க, உள்ள லேடீஸ் இருக்காங்க. நாயா? எந்த நாய்? ஓ, நம்ம டிக்கெட்டா! அது என்ன சார் பண்ணுச்சு? வாயில்லா ஜீவன்... நான்தான் சொன்னேன், இல்லேங்கல. அப்ப சொன்னேன். இப்ப கண்ணால பாத்துட்டேன்ல. எலி சார். ஆமாம், எலி. பூனை சைசுல ஒண்ணு. செருப்ப இழுத்துக்கிட்டுப் போறதே அதுதான். பாவம் நாய் அதைப் புடுங்கி வெச்சுக் காவல் காத்திருக்கு. நாமதான் தப்பா நெனச்சுட்டோம்... என்ன சார் முறைக்கறீங்க, நான் என்ன பொய்யா சொல்றேன்? இனிமே செருப்பெல்லாம் உள்ளயே வெச்சுக்கறேன், விஷயம் முடிஞ்சுது. வண்டிய அனுப்பிடுங்க. ஒரு எலிப்பொறி மட்டும் வாங்கிக் குடுங்க, ஓனர்னா அதுகூடச் செய்யக் கூடாதா?

அண்ணே, நீங்க ஏன் அப்படி நிக்கறீங்க? அறுத்துக்கிட்டுப் போயிடுச்சா? எங்க போயிடப் போகுது, இங்கதான் எங்கயாவது இருக்கும். போய் ஒரு வாய் டீ குடிங்க, தானா வந்துடும். தட்ட உள்ள வைங்க முதல்ல..."

பேசிக்கொண்டே இருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய், திரையின் ஓரத்தில் விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. உள்ளிருந்து நீண்ட ஒரு நாக்கு அவற்றை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் நக்கித் துடைத்தது.