குழியோரச் செருப்பு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாற்றம் ஆகாது. வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டால் அன்று சோறு இறங்காது. மேயரானதும் தெருத் தெருவாகக் கழுவ வைத்தேன். ஊரார் எனக்குப் 'பினாயில்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உள்ளூர எனக்கு அது பெருமைதான்.

நீங்கள் கேட்பது பூங்காத் திறப்பு விழாவைப் பற்றி. சொல்கிறேன்.

அமைச்சர் வரும் நேரத்தில் பூங்கா வாசலிலேயே பாதாளச் சாக்கடை பொங்கிவிட்டது. ஒரு துப்புரவுத் தொழிலாளியை உள்ளே இறக்கினார்கள். மேலே கயிறு பிடித்து நின்றவனை நான்தான் மேடையைக் கூட்ட அனுப்பினேன். எங்கள் ஊரில் குழிக்குள் இறங்குகிறவன் செருப்பை ஓரமாகக் கழற்றி வைப்பான். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான், மூடியைத் தொடக்கூடாது என்று அர்த்தம். வார்டு உறுப்பினராக இருந்த காலத்திலேயே எனக்கு அது தெரியும்.

அந்தச் செருப்பைப் பார்த்தீர்களா? அறுந்த வாரில் கம்பி முடிந்து, இடுக்கெல்லாம் கறுப்பாய் அப்பியிருந்தது. புதுக் கம்பளத்துக்குப் பக்கத்தில் அது கிடந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என் பெயர் எழுதியிருந்த அழைப்பிதழை மடித்து, அதைக்கொண்டு செருப்பை இடுக்கிப் பிடித்து, இரண்டையும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

துப்புரவு மேஸ்திரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயா, அவன் மேல வந்துட்டானா?"

"செருப்பு கிடக்குதான்னு பாருங்க."

சுற்றிப் பார்த்தார். இல்லை. மூடியைத் தள்ளி மூடினார். அதன்மேல் பூந்தொட்டிகளை வைக்கச் சொன்னேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பேசிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மைக் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. ஊர் மணக்கிறது என்று அமைச்சர் மனம் விட்டுப் பாராட்டினார்.

பழி மேஸ்திரி தலையில் விழுந்தது. பிள்ளைகுட்டிக்காரர், பாவம். நானே போய் ஆறுதல் சொன்னேன். இறந்தவனின் மனைவி குப்பைத் தொட்டியைக் கிளறிச் செருப்பையும் அழைப்பிதழையும் எடுத்து வராதிருந்தால் அவர்தான் ஜெயிலுக்கு உள்ளே இருந்திருப்பார்.

ஆமாம், அவன் உள்ளே இருப்பது தெரிந்தேதான் மூட வைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் அந்தச் செருப்பை மேசையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இந்த நாற்றத்தில் மனிதன் உட்கார முடியுமா?