ஐஸ்லாந்துக்குப் பழகுதல்

குளிர் தேசத்துக்குப் போகிறவர்கள் முதலில் கோட்டு வாங்கத்தான் ஓடுகிறார்கள். அது தவறு. முதலில் கவனிக்கவேண்டியது பாதங்களை. பாதம் சூடாக இருந்தால் பாதிக் குளிரைத் தாங்கிவிடலாம். பாதம் விறைத்துவிட்டால் உடம்பில் எத்தனை கம்பளி சுற்றினாலும் பிரயோஜனமில்லை. பத்தொன்பது வருஷம் ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். நீங்கள் என்றைக்காவது காஷ்மீர் பக்கம் போனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்த அதிகாரி வேண்டும் என்று நான் கேட்டதும் மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து உங்களை வரவழைத்தார்களாம். சிரமத்துக்கு மன்னிக்கவேண்டும். நேற்று என்னை விசாரித்த மராட்டிக்கார இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர். ஆனால் என்னுடைய பம்பாய் ஹிந்தி, லாரிக்காரனிடம் பேரம் பேசக் காணும். ஒருவன் தன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லக் காணாது. நேற்று நான் எழுதிக்கொடுத்ததில் ஓரிடம் பிசகிவிட்டது. அதைத் திருத்தவேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் அந்த இடம் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் லாசர். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் நாசரேத் பக்கம். டிராம்பே கழியோரம் இருக்கிற ஐஸ் பாக்டரியில் மேஸ்திரி. வீடு செம்பூரில். மனைவி ரோஸி, தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. அதில் இருவருக்கும் வருத்தம் உண்டு, சண்டை வந்ததில்லை. பதினேழு வருஷத்தில் நான் அவளைக் கைநீட்டி அடித்தது கிடையாது. எங்கள் காலனியில் யாரைவேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம் எங்கள் பாக்டரியில் மீனை உறையவைக்கிற புது மெஷின் பூட்ட ஐஸ்லாந்திலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். அந்த நாட்டில் மீனைத் தவிர வேறொன்றும் விளையாதாம். ஆறு மாதம் இருந்தார். ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் வீட்டுக்கு அழைத்துப்போனேன். ரோஸி வாவல் மீன் குழம்பு வைத்திருந்தாள். மனிதர் மூக்கு சிவக்கச் சிவக்கச் சாப்பிட்டார். அப்புறம் எல்லா ஞாயிறும் எங்கள் வீட்டில்தான். ரோஸி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். நான் முள் எடுத்துக்கொண்டிருப்பேன். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க, அங்க ஆனி மாசத்துல சூரியன் தூங்கவே போகாதாம்" என்பாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். அவள் நடத்தையில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்படுகிற புருஷன்மார்களை எனக்குப் பிடிக்காது.

அவர் ஊருக்குப் போனபின் அவர் மனைவி ரோஸிக்குக் கடிதம் போட்டாள். அடுத்த ஜூன் மாதம் இரண்டு பேரும் வந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று. கடிதத்தை ரோஸி மூன்று தடவை வாசித்தாள். என்னைக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்காதவள். "ஏங்க, ஒரே ஒருதடவ போயிட்டு வந்துருவமா?" என்று கேட்டாள். சரி என்று சொன்னேன். ஐஸ்லாந்தில் ஒரு முட்டை விலைக்கு செம்பூரில் கோழியே வாங்கலாம் என்று பிறகு தெரிந்தது. அப்போதும் சரி என்றுதான் சொன்னேன். ஊரில் என் பங்குக்கு இருந்த பனைவிளையை விற்றேன். அவள் வளையலைக் கழற்றினாள். யார் குறை சொல்ல முடியும்?

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை, பயண ஆபீஸாகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு அலைந்தோம். அம்மை குத்தி மஞ்சள் புத்தகத்தில் முத்திரை வாங்கினோம். கையில் மூன்று பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, ரிசர்வ் பாங்கில் அனுமதிப் பாரம் வாங்கவேண்டும், அதற்கு அங்கே நம்மைச் சோறு போட்டு வைத்துக்கொள்கிறவர்களின் கடிதம் வேண்டும். எல்லாவற்றையும் ரோஸி ஒற்றையாளாக நடந்து முடித்தாள். நாற்பது பக்க நோட்டில் இருபத்தொரு நாளுக்கும் திட்டம் எழுதினாள். திங்கள் வெந்நீர் ஊற்று, செவ்வாய் அருவி, புதன் ஓய்வு. அந்த ஊர்த் தலைநகரின் பெயர் வாயில் நுழையாது. பக்கத்து வீட்டு கோமதியம்மாளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முப்பத்தொன்பது வயதுப் பெண் பாவாடை கட்டிய சிறுமி மாதிரி ஆகிவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போன டிசம்பரில், கோயிலில் ஆராதனை முடிந்து வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு பயணத்தைப் பற்றிக் கேட்டார்கள். "நீ மட்டுமா போற, ரோஸி?" என்று யாரோ கேட்க, இவள் சொன்னாள்: "இல்லக்கா, இவுகளும் என்கூட வாராக."

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பனைவிளையை விற்றவன் நான். என்ஜினியரை வீட்டுக்கு அழைத்துவந்தவன் நான். பிஷப் வந்த வீட்டில் பின்னால் நிற்கிற குடைக்காரன் மாதிரி, நான் அவள்கூடப் போகிறேனாம். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொடுத்தேன். அவளுக்குக் குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பாக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. கோல்டு ரூமுக்குப் புதிதாக வருகிறவனை எடுத்த எடுப்பில் வேலைக்கு விடமாட்டோம். முதல் நாள் ஐந்து நிமிஷம், மறுநாள் பத்து, அப்படியே கூட்டிக்கொண்டு போவோம். பழக்குவது என்று பெயர். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனால் உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஆணியில் பில்லை தொங்கினால் உள்ளே ஆள் உண்டு. அது தொங்கும்வரை கதவுப் பக்கத்திலிருந்து யாரும் நகரக் கூடாது. என் காலத்தில் ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆனதில்லை. பத்தொன்பது வருஷம்.

ரோஸியைப் பழக்கவேண்டும் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்கு லீவு, வாட்ச்மேன் வெயிலுமுத்து மட்டும்தான் இருப்பான். அவள் முதலில் சிரித்தாள். "அவங்க எழுதியிருக்காங்கங்க, ஜூன்ல அங்க ஐஸே கிடையாதாம். நம்ம கொடைக்கானல் மாதிரிதானாம்" என்று கடிதத்தை எடுத்து வாசித்தும் காட்டினாள். விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். நம் ஊரில் ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுக்கிறவன்கூட, வாங்க, வீட்டில் தாராளமாக இடம் இருக்கிறது என்றுதானே சொல்வான். அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பாஸ்போர்ட் இரண்டும் பாக்டரியில் என் பெட்டியில் பூட்டியிருந்தது. தாங்கமாட்டாய் என்று தெரிந்தால் உன்னைக் கொண்டுபோய் அந்நிய தேசத்தில் சாகக் கொடுக்க மாட்டேன் என்றேன். சரி என்றாள்.

முதல் ஞாயிறு ஐந்து நிமிஷம். மூன்று தடவை தட்டு, திறக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். தட்டவில்லை. அடுத்த வாரம் பத்து. அதற்கடுத்து இருபது. வெளியே வந்ததும் உதடு நீலம் பாரித்திருக்கும், ஆனால் சிரிப்பாள். "பாஸா?" என்று கேட்பாள், அவள் வகுப்புப் பிள்ளைகள் கேட்பது மாதிரி. நான் வாரத்துக்கு ஒரு துணியைக் குறைத்தேன். ஸ்வெட்டர், பிறகு குல்லா, பிறகு காலுறை. பாதத்தைப் பற்றி முதலில் சொன்னேனே, அது எனக்குத் தெரியாமல் இல்லை. தட்டுகிறாளா என்று பார்த்தேன். தைரியசாலி என்பதை நான் மறுக்கவில்லை. என் ஆட்கள் எத்தனையோ பேர் பதினைந்து நிமிஷத்தில் கதவைப் பிறாண்டியிருக்கிறார்கள்.

மார்ச் மாதம் டிக்கெட் கைக்கு வந்தது. அந்த வாரக் கடிதத்தில், இங்கே மழை அடிக்கடி பெய்யும், குடையைவிட மழைக்கோட்டு நல்லது என்று எழுதியிருந்தாள் என்ஜினியரின் மனைவி. ரோஸியே அதை எனக்கு வாசித்துக்காட்டினாள்.

ஆகவே போன ஞாயிறு, கோயில் முடிந்து பாக்டரிக்குப் போனதும், இதுதான் கடைசிப் பரீட்சை என்று சொல்லி இரண்டு வாளித் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினேன். மழையில் நனைந்தால் எப்படி என்று பார்க்கவேண்டாமா? அவள் சேலையைப் பிழியப் போனாள். வேண்டாம், அப்படியே போ என்றேன். "இதுக்கப்புறம் பாஸ்போர்ட்ட என் கையில குடுத்துருவீங்கள்ல?" என்று கேட்டாள். தருவேன் என்றேன். செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். மணி பத்தேகால்.

ஆணியில் பில்லை மாட்டவில்லை. அவள் பாக்டரி ஆள் இல்லையே, அவளுக்கு ஏது பில்லை. செருப்பை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன்.

இனிமேல்தான் நான் திருத்தவேண்டிய இடம். அவள் தட்டவே இல்லை, நானும் நேரம் போனதைக் கவனிக்கவில்லை என்று நேற்று எழுதிக்கொடுத்திருந்தேன். அது சரியில்லை. பத்து முப்பதுக்கு அவள் தட்டினாள். மூன்று தடவை, சரியாகச் சொன்னபடி. இத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் எதிர்பார்த்திருந்த சத்தம். கை தாழ்ப்பாள் வரை போனது. இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று தோன்றியது. மறுபடி மூன்று தட்டினாள். அப்புறம் கணக்கில்லாமல் தட்டினாள்.

வெயிலுமுத்து கேட்டிலிருந்து வந்தான். "மேஸ்திரி, உள்ள யாரோ தட்டுத மாதிரி கேக்கே" என்றான். ஆணியைப் பாரு என்றேன். பார்த்தான். வெறும் ஆணி. "ஐஸ் வெடிக்குதுல, போயி கேட்டப் பாரு" என்றேன். பன்னிரண்டு வருஷமாக அந்த ஆணியை நம்பி வேலை பார்க்கிறவன், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐஸ் பாளம் தள்ளிவிடுகிற பலகைக் கதவு ஒன்று சுவரின் கீழே உண்டு, ஒரு சாண் அகலம். அவள் அதில் வாயை வைத்துப் பேசினாள். பல் கிட்டிப்போய்ப் பேச்சு துண்டு துண்டாக வந்தது. "ஏங்க, நான் வரலங்க. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஊரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கதவ மட்டும் தொறங்க."

அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. பொய் சொல்லவில்லை. அவளை மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். வெளியே வந்து இரண்டு மிடறு டீ குடித்து உடம்பு சூடானதும் மறுபடி நோட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சொன்ன சொல் கொஞ்சம் உறுதிப்படட்டும் என்று நினைத்தேன். ஆபீஸ் அறைக்குப் போய் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டேன். குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சத்தம் நின்றபோது பதினொன்று இருபது. நான் திறந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. கதவோரம்தான் உட்கார்ந்திருந்தாள். சேலை தரையோடு ஒட்டியிருந்ததால் வெந்நீர் ஊற்றித்தான் எடுக்க முடிந்தது.

இவ்வளவுதான் நடந்தது. நேரங்கள் எல்லாம் சரியானவை, பாக்டரிக் கடிகாரத்தில் அப்போதே பார்த்தவை. இதைத் தமிழிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். டிக்கெட்டை ரத்து செய்ய நீங்கள் விமானக் கம்பெனிக்கு எழுதும்போது காரணம் கேட்பார்கள். வரவில்லை என்று அவள் தன் வாயாலேயே சொன்னதாக எழுதுங்கள். கூட்டிப்போக மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.