மேஸ்திரி கட்டியிருந்த வாட்ச்

சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் தினமும் ஒரே நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், ஐயா. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் பல் விளக்கியதும் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போதே குமட்டும். முலாம் எல்லாம் போய்விட்டது. பித்தளையில் களிம்பு ஏறி, என் மணிக்கட்டில் பச்சையாக வட்டம் விழுந்திருக்கிறது. சங்கிலிக் கண்ணிகளில் அடைந்திருக்கிற அழுக்கில் என்னுடையது எவ்வளவு, சேவுகப்பெருமாள் மேஸ்திரியுடையது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். துணி போட்டு எடுங்கள்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்களில் வாட்ச் கட்டியவர் மேஸ்திரி மட்டும்தான். சிங்கப்பூர் வாட்ச் என்பார். வெற்றிலை எச்சிலைத் தொட்டு அதன் கண்ணாடியைத் துடைப்பார். அவர் ஆறு என்றால்தான் கடப்பாரையைக் கீழே போடலாம். ஆனி மாதத்தில் வெயில் இருக்கும்போதே ஆறு என்று விட்டுவிடுவார். கார்த்திகை வந்தால் இருட்டினாலும் விடமாட்டார். பொழுது அடைவதுதான் ஆறு மணி என்று எனக்குத் தெரியும். கார்த்திகையில் அந்த வாட்ச் பிந்துகிறது என்று புரிந்துகொண்டேன்.

அப்படி ஒரு கார்த்திகையில்தான், என் பெண்சாதி பொன்னுத்தாயிக்கு வலி கண்டுவிட்டது என்று நாச்சியாபுரத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. மத்தியானம். மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"ஆறு ஆகட்டும், போகலாம். நீயாடா பெறப் போற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வானம் மூட்டமாக இருந்தது. எதிரே நிற்பவன் முகம் மங்கத் தொடங்கியதும், பொழுது அடைஞ்சிருச்சு மேஸ்திரி என்றேன்.

"மேகத்தப் பாத்து ஆறுங்கிறான் பாரு. இந்தா, இன்னும் பத்து நிமிசம் கெடக்கு."

வாட்சை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வெற்றிலை வாடை அடித்தது. பார்த்தேன். எனக்கு அப்போது மணி பார்க்கத் தெரியாது. எழுத்தும் எண்ணும் பிற்பாடு கற்றவை.

நான் வந்து ஆட்டோ பிடிப்பேன் என்று பொன்னுத்தாயி காத்திருந்தாளாம். போனபோது தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது.

"இப்பத்தாம்ப்பா. ஒரு பத்து நிமிசம் இருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மத்தியானமே கிளம்பி வந்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வாட்ச் அவர் கையில் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குப் போனேன். மற்றவர்கள் தேக்கு நிலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் போயிருந்தார்கள். சமையற்கட்டுச் சுவருக்கு அடியில் மேஸ்திரி குந்தி, உடையாத ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியை எடுத்துவிட்டேன்.

சுவர் சரிந்து அவரை இடுப்பு வரை மூடியது. கை இரண்டும் வெளியே இருந்தன. தண்ணீர் கேட்டார். ஆளைக் கூப்பிடச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஆறு ஆகலை மேஸ்திரி" என்றேன்.

கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. பொழுது அடைவதற்கு முன்பே அவர் கேட்பது நின்றுவிட்டது. வாட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குள் போய்ச் சுவர் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

மணி பார்க்க அந்த வாட்சில்தான் பழகினேன். வருஷா வருஷம் ஆனியில் முந்துகிறது, கார்த்திகையில் பிந்துகிறது. நேற்றுச் சாயங்காலம் காரைக்குடியில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து இதைச் சொன்னேன். கடைக்காரர் மூடியைத் திறந்தார்.

"டூப்ளிகேட்டுல்ல கட்டியிருக்கீக."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது பொய் வாட்ச் என்று அன்றைக்கே தெரிந்தவன் நான்.

"பேருதேன் பொய். மெஷினு நல்ல மெஷினு, இன்னும் இருவது வருசம் ஓடும். ஒரு நாளைக்கு ஒரு நிமிசம் பிந்துனா அதிகம். புதுசுலயும் அம்புட்டுத்தேன்."

துடைத்து, மணி வைத்துக் கொடுத்தார். வெளியே கார்த்திகை மூட்டம். தெருவிளக்கு எரிந்தது. பொழுது அடைந்துவிட்டது. என் வாட்சில் ஆறுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் முப்பது நாற்பது கடிகாரங்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஆறுக்குப் பத்து நிமிஷம்.

அதைப் புகார் கொடுக்கத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. அந்தக் கடையில் இருப்பது அத்தனையும் டூப்ளிகேட்.