உள்ளே யாரும் இல்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. என் சிநேகிதனுடைய சித்தப்பா பசீலியோவுக்கு நடந்தது.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் கிரனாடா மலைப்பக்கத்து ஆகஸ்டு மதியத்தைப் பார்த்ததில்லை. மூன்று மணி. ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. ஒரு காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் பழைய கோட்டைக்கு ஏறும் பாதையில் ஒரு நாய்கூட இல்லை... பசீலியோ மட்டும் ஓடுகிறார். தலையில் இன்னும் வேஷத் தலைப்பாகை. கையில் கோட்டைச் சாவி.

அன்று திருவிழா. வருஷா வருஷம் பாதி ஊர் மூர்களாகவும் மீதி ஊர் கிறிஸ்தவர்களாகவும் வேஷம் கட்டி, கோட்டை கைமாறிய கதையை நடிப்பார்கள். பசீலியோவுக்கு மூர்க் காவலன் வேஷம். சாவியை நீட்டி, "உள்ளே யாரும் இல்லை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் நிலவறைத் தண்ணீர்த் தொட்டியில் குனிந்து, "யாராவது இருந்தா வெளியே வாங்க" என்று கூப்பிட்டாக வேண்டும். ஐந்நூறு வருஷத்துக்கு முன் நிஜக் காவலன் கூப்பிடாமலே சொல்லிவிட்டான். கதவைப் பூட்டிவிட்டார்கள். அவன் மகள் தொட்டிக்குள் ஒளிந்திருந்தாள்.

இந்த வருஷம் பாழாய்ப்போன வெயில். போதாததற்கு ஒயின். பசீலியோவும் கூப்பிடவில்லை.

வீட்டில் மூன்று தட்டு எடுத்துவைத்த மனைவி ரெமேதியோஸ், "கசில்டா எங்க?" என்றாள்.

"உன்கூடத்தான வந்தா?"

"என்கூட எங்க வந்தா? கோட்டைக்குள்ள உங்க பின்னாலதான சுத்திக்கிட்டிருந்தா. கடைசியா யாருங்க பூட்டினது?"

பூட்டியது அவரேதான். ஆறு வயதுப் பிள்ளை. பசீலியோ சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி கோட்டைக்கு ஓடினார்.

க்ரீச்... கதவு திறந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. அந்தத் தொட்டி வறண்டு எத்தனையோ காலமாயிற்று. அது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. குனிந்து கூப்பிட்டார்.

"கண்ணு... இருந்தா வெளியே வாம்மா. அப்பா வந்திருக்கேன்."

சொட்... சொட்... அப்புறம் யாரோ தண்ணீரில் நடந்து வருகிற சத்தம். சளப்... சளப்...

"வர்றேம்ப்பா."

இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. ஜில்லென்று இருந்தது. அப்படியே இழுத்து முதுகில் போட்டுக்கொண்டார். அழுதேவிட்டார் மனுஷர்.

"பயந்துட்டியாடா? இனிமே அப்பா உன்னை விடவே மாட்டேன்."

இறங்குகிற வழியெல்லாம் கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள். காதோரம் அதே சுண்ணாம்பு வாடை. சட்டை நனைந்து, தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வழிந்தது.

வாசல் கதவைத் தட்டினார். ரெமேதியோஸ் சிரித்துக்கொண்டே திறந்தாள்.

"எங்கெல்லாம் போய்த் தேடுறீங்க? இவ நம்ம கட்டிலுக்கு அடியிலேயே தூங்கிட்டிருக்கா..."

அவள் பின்னால் கசில்டா, கண்ணைக் கசக்கியபடி.

ரெமேதியோஸின் பார்வை மெல்ல அவர் தோளுக்கு மேலே போய் நின்றது. சிரிப்பு நின்றது. பசீலியோ திரும்பிப் பார்க்கவில்லை, திரும்ப முடியவில்லை. கழுத்தில் இருந்த கைகள் இறுகின. காதுக்குள் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"உள்ளே யாரும் இல்லைன்னு சொன்னியேப்பா..."

இப்போதெல்லாம் அந்த வீட்டு மேசையில் நான்கு தட்டு வைக்கிறார்கள். நான்காவது நாற்காலி மட்டும், எந்த ஆகஸ்டிலும் காய்வதில்லை.