அஞ்சு நகல், ஏழு கோவேறு கழுதை

எல்பிதியா: ...அப்படின்னா இன்னும் முடியலங்கறீங்க.

அனக்ளேத்தோ: உங்க மனுவுக்கு நாலு நகல் ஆச்சு தோன்யா எல்பிதியா. அஞ்சாவது தான்... கொஞ்சம் பாக்கி.

எல்பிதியா: வக்கீலய்யா, நான் இந்தக் கார்த்தாகோ ஊருக்கு வந்தப்ப மழையே தொடங்கல. இப்ப தோட்டத்துல காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டு இருக்காங்க.

அனக்ளேத்தோ: நம்ம பக்கத்து அஞ்சு நாடும் சேர்ந்து போன வருஷம் தானே தொறந்த கோர்ட்டு. நாட்டுக்கு ஒரு நீதிபதி. ஆளுக்கு ஒரு நகல் குடுக்கணும், ஒரு அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது...

எல்பிதியா: போன வாரம் மூணாவதுல மை கொட்டிடுச்சுன்னீங்க.

அனக்ளேத்தோ: கொட்டிச்சு.

எல்பிதியா: அதுக்கு முந்தின வாரம் பூனை.

அனக்ளேத்தோ: அது பக்கத்து வீட்டுப் பூனை. அதுக்கு நான் என்ன பண்ண?

எல்பிதியா: நல்ல ஆளு நீங்க. இந்தாங்க, வெல்லத் தண்ணி ஆறுது, குடிங்க. இன்னைக்கு நான் என்ன சொல்லணும்?

அனக்ளேத்தோ: எல்லையில நடந்தத மறுபடி ஒரு தடவ, முதல்லேர்ந்து...

எல்பிதியா: முப்பது தடவ சொல்லிட்டேன்.

அனக்ளேத்தோ: முப்பத்தோராவது தடவ தான் நீதிபதிங்க முன்னாடி தடுமாறாம வரும்.

எல்பிதியா: நான் ஹோண்டுராஸ்காரி. ஊரு சொலுத்தேக்கா. ஏழு கோவேறு கழுதைல உப்பு ஏத்திக்கிட்டு எல்லை தாண்டினேன். பட்டாளத்துக்கு வேணும்னு ஏழையும் அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க அந்த நாட்டுச் சர்க்கார் ஆளுங்க.

அனக்ளேத்தோ: எந்த நாட்டு?

எல்பிதியா: உங்க நாட்டு. அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டேன்.

அனக்ளேத்தோ: எனக்கும் சொல்லக் கசக்கத் தான் செய்யுது. என்னையும் துரத்தி விட்ட நாடு தானே. ஆனா பாருங்க, உங்க சர்க்கார் கூட வரணும்னு இல்ல. கழுதைக்காரி ஒருத்தி தனியா வந்து ஒரு சர்க்காரையே கேள்வி கேக்கலாம். வேற எந்த ஊர்ல நடக்கும் இது?

எல்பிதியா: நகல் முடிஞ்சா நடக்கும்.

அனக்ளேத்தோ: குத்தாதீங்க.

எல்பிதியா: சரி, ஒரு சந்தேகம். நானே அந்த நாட்டுக்காரியா இருந்திருந்தா?

அனக்ளேத்தோ: இந்த வாசப்படியே ஏற முடியாது. சொந்தச் சர்க்கார் மேல இங்க வழக்குப் போட வழியில்ல. வேத்து நாட்டு ஆளுக்குச் செஞ்ச அநியாயத்தத் தான் எடுப்பாங்க.

எல்பிதியா: ஒரு பொம்பள... பேச்சுக்குச் சொல்றேன்... அந்த நாட்டு ஆள் ஒருத்தரக் கட்டிக்கிட்டா?

அனக்ளேத்தோ: ...எந்தப் பொம்பள?

எல்பிதியா: பேச்சுக்குன்னு சொன்னேனே.

அனக்ளேத்தோ: புருஷன் நாடு தான் அவ நாடு. சட்டம் அப்படி. மோதிரம் போட்ட நிமிஷமே வழக்கு போச்சு.

எல்பிதியா: ஏழும் போச்சு.

அனக்ளேத்தோ: ஏழும் போச்சு. அதான்... அதான் சில பேரு வாயே தொறக்காம இருக்காங்க.

எல்பிதியா: யாரு அந்தச் சில பேரு?

அனக்ளேத்தோ: நானும் பேச்சுக்குத் தான் சொன்னேன்.

எல்பிதியா: மூஞ்சி ஏன் செவக்குது?

அனக்ளேத்தோ: வெல்லத் தண்ணி சூடு.

எல்பிதியா: அது ஆறி அரை மணி ஆச்சு. ஆமா, அந்த மேசை டிராயர எதுக்கு முழங்காலால அழுத்திக்கிட்டே உக்காந்திருக்கீங்க? நகருங்க.

அனக்ளேத்தோ: தோன்யா, அதுல ஒண்ணும்... வேணாம்... சொன்னாக் கேளுங்க...

எல்பிதியா: ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு... அஞ்சு. கடைசி வரி வரைக்கும் எழுதி முடிச்சிருக்கு. தேதி என்ன... ஆகஸ்ட்டு. அடப் பாவி மனுஷா.

அனக்ளேத்தோ: ஆமா. பொய் தான் சொன்னேன். மை பொய். பூனையும் பொய்.

எல்பிதியா: பூனையுமா?

அனக்ளேத்தோ: பக்கத்து வீட்டுல பூனையே கிடையாது. மனுவக் குடுத்தாச்சுன்னா நீங்க ஊருக்குக் கெளம்பிடுவீங்க. அப்புறம் வியாழக்கிழமையானா வந்து திட்டறதுக்கு எனக்கு யாரு இருக்கா? ஆனா உங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேன். மனசு அறுக்குது தோன்யா. திட்டுங்க.

எல்பிதியா: திட்டறேன், இருங்க. சிரிச்சு முடிச்சுக்கறேன்.

அனக்ளேத்தோ: சிரிக்காதீங்க. மணி மூணேகால். கோர்ட்டு ஆபீசு நாலு மணி வரைக்கும் தான். இன்னைக்கு விட்டா ஜனவரி வரைக்கும் மனு வாங்க மாட்டாங்க. ஒரே ஒரு காகிதம் குறையுது, அது உங்க கையில.

எல்பிதியா: எது?

அனக்ளேத்தோ: அந்த நாட்டு மேல்கோர்ட்டுத் தீர்ப்பு. அங்க எல்லாப் படியும் ஏறியும் நியாயம் கிடைக்கலன்னு காட்டினாத் தான் இங்க மனுவத் தொடுவாங்க. தபால்ல வரல, வரலன்னீங்களே... வந்துச்சா?

எல்பிதியா: வந்துச்சு.

அனக்ளேத்தோ: எப்ப?

எல்பிதியா: செப்டம்பர்ல.

அனக்ளேத்தோ: செப்டம்பரா? அப்புறம் ஏன்... சரி, குடுங்க. என் தொப்பி எங்க? ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன். எத்தன வருஷம் ஆனாலும் வழக்கு நடக்கட்டும். ஜெயிச்சு, ஏழு கழுதையையும் ஓட்டிக்கிட்டு நல்லபடியா ஊருக்குப் போங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

எல்பிதியா: உக்காருங்க.

அனக்ளேத்தோ: மணி ஆகுது தோன்யா.

எல்பிதியா: அந்தத் தீர்ப்ப வச்சுக்கிட்டு இங்க வழக்குப் போட முடியாது, வக்கீலய்யா.

அனக்ளேத்தோ: ஏன், முத்திரை வைக்காம அனுப்பிட்டாங்களா?

எல்பிதியா: முத்திரையெல்லாம் இருக்கு. அங்க நான் ஜெயிச்சுட்டேன். ஏழு கழுதையும் என் தம்பி கைக்கு வந்து, உப்பு ஏத்திக்கிட்டுத் திரியறான். எனக்கு வழக்கே இல்ல. மூணு மாசமா வியாழக்கிழமை தவறாம இங்க வந்து உக்காந்தது, இந்த மனுஷன் எப்பத் தான் கேப்பாருன்னு பாக்கத் தான்... தொப்பியக் கழட்டிட்டு இப்பவாவது கேளுங்க.