இரைச்சல் போக்கும் கேபிள்

பாட்டுக் கேட்கும் செட்டுக்குக் கேபிள் என்ன விலையில் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், மொத்த செட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதே என்றுதான் சொல்வேன். நல்ல யோசனைதான், மச்சான். நான்தான் அதைக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் சேர்த்தாலும் ஈடாகாத விலைக்கு ஒரு கேபிள் வாங்கினேன். உங்கள் அக்காவிடம் ஆஃபரில் கிடைத்தது என்று சொல்லிவைத்தேன். புனிதா நம்பினாள். நான் சொன்ன எதைத்தான் அவள் நம்பாமல் இருந்தாள்.

நாளைக் காலையில் கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குக் கொடுத்த விஜயன் மேல் ரிப்போர்ட் செய்யப் போவதாகச் சொன்னீர்கள். "ஓட்ட மெஷினக் குடுத்து எங்கக்காவக் கொன்னுட்டான்" என்றீர்கள். அதனால்தான் உங்களைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பையன் பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, "மெஷின் நல்லாத்தான் ஓடுது அண்ணே, நீங்களே பாருங்க" என்று அழுதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நுரையீரல் சுருங்கிப்போன புனிதாவுக்கு அந்த மெஷின்தான் மூச்சு. அது அவள் அறைக்குப் பக்கத்து ஸ்டோரில் கதவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வயரை மட்டும் ஹாலுக்கு இழுத்து, என் செட்டுக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகியிருந்தோம். மெஷின் ஓடினால் ஸ்பீக்கரில் உர்ரென்று ஓர் இரைச்சல் வரும். அதைப் போக்கும் என்று சத்தியம் செய்துதான் கடைக்காரன் அந்தக் கேபிளை என் தலையில் கட்டினான். போகவில்லை.

இப்படி செட் வைத்துப் பாட்டுக் கேட்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக என்ன வாங்கினாலும் அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் தோசையும் பாட்டும். கேட்டுவிட்டு எல்லோரும் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் பங்சாரிலிருந்து வரும் பரமேஸ்வரன் உள்ளே நுழையும்போதே சிரித்தார். "பாசார் மாலாம் ராச்சந்தையில விக்கிற வயரும் இதுவும் ஒன்னுதான் லா. உங்கள நல்லா ஏமாத்திட்டானுங்க, ராதா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

முதலில் பழைய வயரில் போட்டுக் காட்டினேன். இரைச்சல் கேட்டது. பிறகு கேபிள் மாற்றும் சாக்கில் செட்டுக்குப் பின்னால் குனிந்து, மெஷின் பிளக்கின் சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போனால் கத்துவதற்கென்று மெஷினுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அதைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். திடீரென்று கத்தினால் புனிதா பயந்துவிடுவாள் என்பதற்காகத்தான்.

ஒரே ஒரு பாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். அவ்வளவு நேரம் தாங்குவாள் என்று கணக்குப் போட்டேன். பழைய கச்சேரி ஒன்றின் நேரடிப் பதிவு அது. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பரமேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு, "அடேங்கப்பா, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். என் வயிறு குளிர்ந்தது. இன்னொன்று போடச் சொன்னார்கள். சுவிட்சைத் தட்டினால் இரைச்சல் திரும்பி வந்துவிடும். அடுத்த பாட்டைத்தான் போட்டேன்.

அவர்கள் போன பிறகு சுவிட்சைத் தட்டினேன். பேட்டரியை மாட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் அறைக்குள் போனேன். இந்த வரிசையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். நான் தலை குனிந்தே இருந்தேன். துக்கம் என்று நினைத்தார்கள். அது வெட்கம், மச்சான்.

நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

இரண்டாவது பாட்டின் நடுவில் பரமேஸ்வரன் கண்ணைத் திறந்தார். "யாரோ கூப்பிடற மாதிரி கேக்குதே, ராதா" என்றார்.

"கச்சேரிக்கு வந்தவங்க சத்தம் அண்ணே. நல்ல கேபிள்லதான் அதெல்லாம் கேக்கும்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். 'என்னங்க' என்று மறுபடியும் ஒரு தடவை கேட்டது. நான் வால்யூமைக் கூட்டினேன். பாட்டு அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகும், மச்சான். அதற்காகத்தான்.