முந்நூறு அடி

நான் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டில் காபி ஆறிப்போயிருந்தால்கூட மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவேன். துணை விமானியாக இருந்தபோதும் அப்படித்தான்.

எங்கள் கேப்டன் தசரதன் வேலூர்க்காரர். கெட்டிக்காரர், வாய் மட்டும் நீளம். ஒருமுறை அவர் போட மறந்த சுவிட்சை நான் எடுத்துச் சொல்லப்போக, இறங்கியதும் மெக்கானிக்குகள் எதிரிலேயே, "நேத்து மொளச்சவன் எனுக்குப் பாடம் எடுக்கறியா? கேட்டா மட்டும் வாயத் தொற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கேட்டால் மட்டும் பேசினேன்.

எழுபத்தொன்பது ஐப்பசி, புயல் நேரம். திருச்சியிலிருந்து வேலூருக்குச் சின்ன வாடகை விமானம். பயணிகள் கண்ணமங்கலம் அரிசி மில்காரர் பஞ்சாட்சரமும் அவர் மனைவி கன்னியம்மாளும். அந்த அம்மாளுக்கு அதுதான் முதல் பயணம். "தம்பி, பத்திரமா எறக்கிடுவீங்கல்ல?" என்றார். "நான் இருக்கேன்மா" என்றேன்.

உயரம் காட்டும் மானி எங்களுக்கு ஆளுக்கொன்று. காற்றழுத்தம் குறைந்தால் அதைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இருப்பதைவிட அதிக உயரம் காட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வயர்லெஸ்ஸில் புதிய அழுத்தம் சொன்னார்கள். நான் திருகினேன். கேப்டன் பின்னால் திரும்பி மில்காரரிடம் கதையளந்துகொண்டிருந்தார். அவருடைய மானி முந்நூறு அடி கூடுதலாகக் காட்டியது. கீழே ஜவ்வாது மலை முழுக்க மேகம். அவர் மானிப்படி மலைமுகட்டைத் தாண்டிவிடலாம். என் மானிப்படி முடியாது.

ஒரு வார்த்தை போதும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மேகம் விலகி மரங்கள் தெரிந்ததும் அவர் முகம் வெளுக்கட்டும், பயணிகள் எதிரில் ஒருமுறை அசிங்கப்படட்டும் என்று காத்திருந்தேன். எப்படியும் மேலே தூக்கிவிடுவார் என்று நம்பினேன். மேகம் விலகவே இல்லை.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சாமைக் கொல்லையில் இருந்த வேடியப்பன் என்ற விவசாயிதான் ஓடிவந்து என்னை வெளியே இழுத்தார். "இன்னும் யார்னா உசுரோட கீறாங்களா, சாமி?" என்று கேட்டார். கன்னியம்மாள் முனகுவது எனக்குக் கேட்டது. கை காட்டினேன். வேடியப்பன் அங்கே போவதற்குள் முனகல் நின்றுவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

விசாரணையில் மெக்கானிக்குகள் அந்தப் பழைய வசவைச் சொன்னார்கள். கேப்டனுக்குப் பயந்து வாயடைத்துப்போனேன் என்று அதிகாரிகளே முடிவுகட்டினார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் அன்று எனக்குப் பயமே இல்லை. மூன்று பேர் உயிர் என் நாக்கு நுனியில் இருந்தது. தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

பிறகு கேப்டனின் மனைவி செந்தாமரை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "எங்க வூட்டுக்காரரு ஒங்கள நாலு பேர் எதிர்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. அதாலதான் எல்லாம் ஆயிட்ச்சி. அவர மன்னிச்சிடுங்க" என்று அழுதார்.

மன்னித்துவிட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.